கேலரி காலியாகிறதா? கீழ் டிவிஷன் கால்பந்து கிளப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சொந்த மைதானத்தில் கூட்டம் குறைய ஆரம்பித்ததும் நிர்வாகிகள் கூடிப் பேசுவார்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடியும்: "டீம் ஜெயிக்க ஆரம்பிச்சா எல்லாரும் தானா வருவாங்க." அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டால், போஸ்டர் ஒட்டலாம், இலவச டிக்கெட் கொடுக்கலாம் என்பார்கள். செய்வார்கள். ஒரு ஆட்டத்துக்குக் கூட்டம் வரும். அடுத்த ஆட்டத்தில் பழையபடி கேலரி காற்று வாங்கும்.

ஜெயித்தால் கூட்டம் வரும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் கணக்கைப் பாருங்கள். 1948-49 சீசனில் அங்கே லீக் ஆட்டங்களுக்கு வந்த கூட்டம் மொத்தம் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். 1985-86இல் அது சுமார் 1 கோடியே 65 லட்சம். இடைப்பட்ட ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு டிவிஷனிலும் யாரோ ஒருவர் சாம்பியன் ஆகிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு டீம் தோற்றால் எதிரில் இன்னொன்று ஜெயித்திருக்கும். ஜெயித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை, கூட்டம் மட்டும் பாதிக்கும் கீழே போனது. பழுதான கேலரிகள், மைதானத்துக்குள் அடிதடி, வீட்டில் டிவி, சனிக்கிழமை மதியத்தைக் கழிக்க வேறு பல வழிகள் எனக் காரணங்கள் புள்ளிப் பட்டியலுக்கு வெளியே இருந்தன.

பெரிய லீக்குகளில் ஒளிபரப்புப் பணம் வருகிறது. கேலரி கொஞ்சம் காலியானாலும் கிளப் ஓடிவிடும். மூன்றாம், நான்காம் டிவிஷனிலும் அதற்குக் கீழேயும் கேட்டில் வரும் காசுதான் சம்பளம். ஒரு ஆட்டத்துக்குச் சில நூறு பேரிலிருந்து சில ஆயிரம் பேர் வரை வரும் அப்படிப்பட்ட கிளப்புகளுக்கானது இந்த வழிகாட்டி. படிகளை வரிசையாகச் செய்வது நல்லது. முதல் இரண்டைத் தாண்டிக் குதித்தால் மற்றவற்றில் செலவழிக்கும் பணம் வீண்.

முதல் படி: உண்மையான எண்ணைக் கண்டுபிடிப்பது

ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் கூட்டத்தை நம்ப வேண்டாம். பல கிளப்புகள் விற்ற டிக்கெட்டையே வருகையாக அறிவிக்கின்றன. சீசன் டிக்கெட் (சீசன் முழுக்கச் சொந்த மைதான ஆட்டங்களுக்கு ஒரே டிக்கெட்) வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார். அடுத்த வருஷம் அவர் டிக்கெட்டைப் புதுப்பிக்காதபோதுதான் "திடீரென்று குறைந்துவிட்டது" என்று தோன்றும். உண்மையில் அவர் ஒன்றரை வருஷம் முன்பே போய்விட்டார்.

கேட்டைக் கடந்து உள்ளே வந்தவர்களை ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள்: சீசன் டிக்கெட்காரர்கள், முன்கூட்டி வாங்கியவர்கள், அன்றைக்கே கவுன்டரில் வாங்கியவர்கள், ஓசி டிக்கெட்டில் வந்தவர்கள், எதிரணி ரசிகர்கள். கேட்டில் நிற்பவருக்கு ஒரு அட்டையும் பேனாவும் இருந்தால் போதும், மென்பொருள் தேவையில்லை.

எதிரணி ரசிகர்களைத் தனியாகப் பிரிப்பது ஏன் முக்கியம் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். போன சீசனில் சொந்த மைதானத்தில் 20 ஆட்டம், சராசரி 1,000 பேர். இந்த சீசனில் அதே 20 ஆட்டம், சராசரி 900. மொத்தத்தில் 2,000 பேர் குறைவு; ஆட்டத்துக்கு நூறு பேர் போய்விட்டார்கள் என்று கமிட்டி பதறுகிறது. ஆனால் போன சீசனில் தலா 600 ரசிகர்களோடு வந்த இரண்டு டீம்கள் மேல் டிவிஷனுக்குப் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த இரண்டு டீம்கள் தலா 50 பேரைத்தான் கூட்டி வந்தன. அதில் மட்டும் 1,100 பேர் போச்சு. இரண்டு சனிக்கிழமை ஆட்டங்கள் செவ்வாய் இரவுக்கு மாறியதில் தலா 250 வீதம் 500. மிச்சம் 400 பேர், 20 ஆட்டத்துக்கு. அதாவது கிளப்பின் சொந்த ஆட்களில் ஆட்டத்துக்கு 20 பேர்தான் குறைந்திருக்கிறார்கள். நூறு பேர் என்று நினைத்தால் விளம்பர கம்பெனியைத் தேடத் தோன்றும். 20 பேர் என்றால் அவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லியே தேடலாம்.

இன்னொன்று: ஒரு பெரிய கோப்பை ஆட்டம் சராசரியைத் தூக்கிவிடும். அதனால் ஆட்டங்களைக் கூட்ட வரிசைப்படி அடுக்கி, நடுவில் வரும் எண்ணையும் குறித்து வையுங்கள். செவ்வாயைச் செவ்வாயோடும், மழை நாளை மழை நாளோடும் ஒப்பிடுங்கள். குறைந்தது மூன்று சீசன் கணக்காவது கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: நின்றுபோனவர்களோடு பேசுவது

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். பெரும்பாலான கிளப்புகள் தொடாமல் விடுவதும் இதையேதான்.

கால்பந்துக்குத் தனியாக வருபவர்கள் குறைவு. அண்ணன் தம்பி, அப்பாவும் பிள்ளையும், ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நாலு பேர் என்று சின்னச் சின்னக் கூட்டணிகளாகத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டணியிலும் ஒருவர் இருப்பார்: தேதியை ஞாபகம் வைத்திருப்பவர், வண்டி எடுப்பவர், "கிளம்பிட்டியா?" என்று போன் பண்ணுபவர். அவர் நின்றால் நாலு பேரும் நின்றுவிடுவார்கள். மற்ற மூவருக்கு கிளப் மேல் எந்தக் கோபமும் இருக்காது. கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆட்டத்துக்கு 20 பேர் குறைந்தார்கள் என்றால் நீங்கள் இழந்தது ஐந்தாறு பேராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த ஐந்தாறு பேரைக் கண்டுபிடிக்க ஆன்லைன் கருத்துக்கணிப்பு உதவாது. கோபக்காரர்களும் தீவிர ரசிகர்களும் மட்டுமே அதை நிரப்புவார்கள். நின்றுபோனவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காதவர்களின் பட்டியலை எடுத்து, போன் செய்யுங்கள். பேசுபவர் கேட்டில் நிற்கும் பழைய தன்னார்வலராக இருந்தால் நல்லது. குரல் தெரிந்ததாக இருந்தால் ஆள் மனம்விட்டுப் பேசுவார்.

"ஏன் வருவதில்லை?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "டீம் சரியில்லீங்க" என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதற்காக அல்ல. அதுதான் சட்டென்று வாயில் வரும் பதில். அதற்குப் பதில் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரோடு வருவீர்கள்? கடைசியாகப் பார்த்த ஆட்டம் எது? இப்போது அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?

பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி:

"வணக்கம் சார், கிளப்பிலிருந்து பேசறேன். டிக்கெட் விக்கறதுக்கு இல்ல. உங்களை மூணாவது கேட்டுல பார்த்தே ரொம்ப நாளாச்சே."
"ஆமாங்க. அப்பாவைக் கூட்டிட்டு வருவேன். அவருக்கு இப்ப முட்டி வலி, அந்தப் படி ஏற முடியல."
"நீங்க மட்டுமாவது வரலாமே?"
"அவரை வீட்ல விட்டுட்டு எப்படிங்க வர்றது?"

இங்கே தேவைப்படுவது தள்ளுபடி இல்லை. படி ஏறாமல் உட்கார இரண்டு நாற்காலி, கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த ஓர் இடம். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்பா திரும்பி வந்தால் பிள்ளை வருவார். அவரோடு வந்துகொண்டிருந்த நண்பர்களும் வருவார்கள்.

எல்லாக் காரணத்தையும் கிளப் தீர்க்க முடியாது. ஷிப்ட் மாறியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், கூட வந்தவர் இறந்துபோயிருப்பார். அப்படித் துணையை இழந்தவரை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். பழைய இடத்தில் தனியாக உட்கார அவருக்கு மனசு வராது. பக்கத்தில் உட்காரும் இன்னொரு குழுவிடம் சொல்லி அவரைக் கூப்பிட வையுங்கள்.

போன் எண் இல்லாத கிளப்புகளும் உண்டு. அப்படியானால் இப்போது வருபவர்களிடம் கேளுங்கள்: "உங்ககூட முன்னாடி யார் வருவாங்க?" ஒரே ஆட்டத்தில் பெரிய பட்டியல் கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: மைதானத்தைப் புதிய கண்ணால் பார்ப்பது

இதுவரை உங்கள் மைதானத்துக்கே வராத ஒருவரை, எந்த உதவியும் செய்யாமல், ஒரு ஆட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். ஆட்ட நேரத்தை அவரே கண்டுபிடிக்கட்டும், டிக்கெட்டை அவரே வாங்கட்டும். எங்கெங்கே தடுமாறினார் என்று அப்புறம் கேளுங்கள். இணையதளத்தில் பழைய தேதி, எந்தக் கேட் என்று எழுதாத டிக்கெட், கார்டு வாங்காத கவுன்டர், யாரிடம் கேட்பது என்று தெரியாத ஐந்து நிமிஷம் என்று ஏதாவது வரும். பழைய ரசிகருக்கு இதெல்லாம் பழகிப்போனதால் கண்ணில் படாது.

கேட்டில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று குறியுங்கள். சிறிய கிளப்புகளில் கூட்டம் கடைசிக் கால் மணி நேரத்தில் குவியும். ஒரு ஆளின் கூலியை மிச்சம் பிடிக்க இரண்டாவது கேட்டை மூடியிருப்பார்கள். வெளியே வரிசையில் நிற்கும்போது உள்ளே கோல் விழுந்த சத்தம் கேட்டவர் அதை லேசில் மறக்க மாட்டார்.

கழிப்பறையைப் பற்றி யாரும் கூட்டத்தில் பேசுவதில்லை. ஆனால் பெண்களும் குழந்தைகளும் வராததற்கு முதல் காரணமாக அது இருக்கக்கூடும். பெயின்ட்டுக்கும் பேனருக்கும் முன்னால், சுத்தமான, பூட்டக்கூடிய, வெளிச்சமுள்ள பெண்கள் கழிப்பறைக்குப் பணம் ஒதுக்குங்கள். அதற்கு அடுத்தது மழைக்கு ஒதுங்க ஒரு கூரை.

5,000 பேர் கொள்ளும் மைதானத்தில் 600 பேர் நாலு பக்கமும் சிதறி இருந்தால் செத்த வீடு மாதிரி இருக்கும். ஒரு பக்கத்தை மூடி எல்லாரையும் நெருக்கமாக உட்கார வைத்தால் அதே 600 பேரின் சத்தம் வேறு. ஆனால் கோல் கம்பத்துக்குப் பின்னால் வருஷக்கணக்காக நின்று பாடும் கூட்டத்தை மட்டும் அசைக்காதீர்கள். "குடும்பப் பகுதி" அமைக்கிறோம் என்று அவர்களைக் கிளப்பிவிட்டால் குடும்பங்கள் வருமோ என்னவோ, பாட்டு நிச்சயம் நின்றுவிடும்.

நான்காம் படி: டிக்கெட் விலை

விலையைக் குறைப்பதற்கு முன் ஒரு கணக்கு. 100க்கு விற்ற டிக்கெட்டை 60 ஆக்கினால், பழைய வசூலைத் தொடவே மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் ஆட்கள் வர வேண்டும். 600 பேர் வந்த இடத்தில் 1,000 பேர். அத்தனை பேர் வெளியே காத்திருக்கிறார்களா? விலை மட்டும்தான் அவர்களைத் தடுக்கிறதா? இரண்டாம் படியில் பேசியவர்கள் சொன்னதைத் திரும்பப் பாருங்கள்.

விலைக் குறைப்பு வேலை செய்த இடங்கள் உண்டு. இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் சிட்டி 2007இல் நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. சுமார் 25,000 பேர் கொள்ளும் மைதானத்தை வைத்துக்கொண்டு, 2007-08க்கான சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்கு விற்றார்கள். நான்காம் டிவிஷனில் 13,000க்கு மேல் சராசரிக் கூட்டம் வந்தது. அங்கே சூழ்நிலையே சாதகமாக இருந்ததைக் கவனியுங்கள்: முன்பு பிரீமியர் லீக்கில் ஆடிய கிளப், பெரிய ஊர், ஏராளமான காலி இருக்கைகள். குறைத்ததும் ஒற்றை ஆட்ட டிக்கெட்டை அல்ல, முழு சீசனுக்கான விலையை. கையில் சீசன் டிக்கெட் இருந்தால் "இன்னைக்குப் போகலாமா" என்ற யோசனை குறைகிறது. நண்பர்களும் சேர்ந்து வாங்குகிறார்கள்.

மான்செஸ்டரில் ரசிகர்களே 2005இல் தொடங்கிய எஃப்சி யுனைடெட், 2009 முதல் சீசன் டிக்கெட்டுக்கு "முடிந்ததைக் கொடுங்கள்" என்ற முறையைக் கொண்டுவந்தது. ரசிகர்கள் கிளப்பின் உரிமையாளர்களாக இருப்பதால் வசதி உள்ளவர் கூடுதலாகக் கொடுக்கக் காரணம் இருக்கிறது. முதலாளி ஒருவரே நடத்தும் கிளப்பில் இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

முழு இலவசம்? ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனில் ஃபார்ச்சுனா டுசல்டார்ஃப் 2023-24 சீசனில் சில ஆட்டங்களை இலவசமாக்கியது. அதே சீசனில் பிரான்சின் இரண்டாம் டிவிஷனில் பாரிஸ் எஃப்சியும் சொந்த மைதான ஆட்டங்களை இலவசமாக்கியது. டுசல்டார்ஃபில் ஸ்பான்சர்கள் செலவை ஏற்றார்கள். அப்படி யாரும் இல்லாமல் கவுன்டரை மூடுவது தற்கொலை. அதோடு, பெயர் எழுதாமல் அள்ளிவிடும் ஓசி டிக்கெட்டுக்கு இரண்டு தீமைகள்: வாங்கியவர் மழை வந்தால் வர மாட்டார், காசு கொடுத்து வாங்கியவர் தன்னை ஏமாளியாக நினைப்பார். இலவசம் கொடுத்தே ஆக வேண்டுமானால் பெயர் எழுதி, இரண்டு ஆட்டத்துக்குச் சேர்த்து, சீசன் டிக்கெட்காரர் கையால் கொடுங்கள். "உங்க நண்பர் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்பதில் கிளப்பின் மரியாதையும் போகாது, வருபவருக்குத் துணையும் இருக்கும்.

ஐந்தாம் படி: தேதியும் நேரமும்

பெரிய கிளப்பின் ஆட்டம் டிவியில் ஓடும் நேரத்தில் உங்கள் ஆட்டம் தொடங்கினால் தோற்பது நீங்கள்தான். பிரிட்டனில் இதற்காகவே ஒரு விதி இருக்கிறது: சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டமும் டிவியில் நேரலை கிடையாது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் வற்புறுத்தி வந்த ஏற்பாடு, சின்ன கிளப்புகளின் கேட் வசூலைக் காக்க. அந்தப் பாதுகாப்பு எல்லா நாட்டிலும் இல்லை. அதனால் பெரிய லீக்கின் அட்டவணையை உங்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வெள்ளி இரவு காலி, எந்த ஞாயிறு காலை காலி என்று குறித்துக்கொண்டு, லீக் அட்டவணை முடிவாவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வெளியான பிறகு கெஞ்சிப் பயனில்லை.

தேசிய அணிகள் ஆடும் இடைவெளி வாரங்கள் உங்களுக்கு வரம். பெரிய கிளப்புகளுக்கு அப்போது லீக் ஆட்டம் இருக்காது. அவற்றின் ரசிகர்கள் சும்மா இருப்பார்கள். இங்கிலாந்தில் 2010இல் தொடங்கிய "நான்-லீக் டே" (பெரிய லீக்குகளுக்குக் கீழே ஆடும் சின்ன கிளப்புகளைப் போய்ப் பார்க்கச் சொல்லும் நாள்) இந்த இடைவெளியை வைத்துத்தான் வளர்ந்தது. பெரிய கிளப்பின் சீசன் டிக்கெட்டைக் காட்டினால் அன்று விலை குறைவு என்று அறிவியுங்கள். அவர்கள் கால்பந்துப் பைத்தியங்கள். கால்பந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: இரண்டாவது வருகை

முதல்முறை வருபவரை இழுப்பதில் கிளப்புகள் கெட்டிக்காரர்கள். மறுபடி வரவைப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு பள்ளிப் பிள்ளைகளை வீரர்களோடு கைகோத்து மைதானத்துக்குள் நடக்க வைப்பார்கள். பெற்றோர் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த ஆட்டத்தில் வேறொரு பள்ளி. எண்ணிக்கை நன்றாகத் தெரியும், ஒட்டிக்கொள்பவர் யாரும் இருக்க மாட்டார். ஒரே பள்ளியை மூன்று ஆட்டத்துக்கு அழையுங்கள். முதலில் கைகோத்து நடக்கட்டும், இரண்டாவதில் பந்து எடுத்துப் போடட்டும், மூன்றாவதில் கேலரியில் தங்களுக்கென்று ஒரு இடத்தில் உட்காரட்டும். அதற்குள் நாலு வீரர்களின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெரியவர்களுக்கும் இதேதான். முதல்முறை வந்தவரின் பெயரும் எண்ணும் அவர் சம்மதத்தோடு வாங்கி, ஒரு வாரத்துக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள்: நன்றி, அடுத்த ஆட்டம் இந்தத் தேதி, போன தடவை உட்கார்ந்த இடத்திலேயே இடம் இருக்கிறது. மாதக்கணக்கில் தள்ளினால் ஆறிய கஞ்சி. சமூக ஊடகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். நேரம், இடம், டிக்கெட் இணைப்பு ஆகிய மூன்றும் எப்போதும் சரியாக இருந்தால் போதும். மீம்ஸ் போட ஆள் இருந்தால் போடட்டும்.

ஏழாம் படி: தோற்றாலும் வரச் செய்யும் காரணம்

எல்லா டீமுக்கும் மோசமான சீசன் வரும். அப்போது ஆளைப் பிடித்து வைப்பது "இது எங்களது" என்ற எண்ணம். பெர்லினின் யூனியன் கிளப் இரண்டாம் டிவிஷனில் தடுமாறிய காலத்தில், 2003 கிறிஸ்துமஸுக்கு முன் 89 ரசிகர்கள் மைதானத்தில் கூடிப் பாட்டுப் பாடினார்கள். பின்னாளில் அந்த நிகழ்ச்சிக்கு மைதானம் நிறைய ஆயிரக்கணக்கில் கூட்டம் வர ஆரம்பித்தது. 2008-09இல் மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் போதாதபோது, 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். தான் சிமென்ட் பூசிய படியில் நிற்பவரை டீமின் தோல்வி அவ்வளவு சுலபமாக விரட்டாது.

அதையே நகலெடுக்க வேண்டாம். பாட்டு நிகழ்ச்சி வைத்தவர்கள் எல்லாரும் யூனியன் ஆகவில்லை. 2021இல் இரண்டு ஹாலிவுட் நடிகர்கள் வேல்ஸின் ரெக்ஸம் கிளப்பை வாங்கியதையும் வழிகாட்டியாக எடுக்காதீர்கள், அது லாட்டரி. உங்கள் கிளப்பில் ரசிகர் கையில் கொடுக்கக்கூடிய வேலை என்ன என்று பாருங்கள்: கேலரிக்குப் பெயின்ட், பழைய படங்களைத் தொகுப்பது, ஜூனியர் டீமுக்கு வண்டி ஓட்டுவது, கமிட்டியில் ஓட்டுரிமையோடு ஒரு நாற்காலி. கடைசியாகச் சொன்னதைத் தர நிர்வாகிகள் தயங்குவார்கள். தந்தால்தான் மற்ற வேலைகளுக்கும் ஆள் வரும்.

பெண்கள் டீம் இருந்தால் ஆண்கள் ஆட்டத்தோடு ஒட்டவைத்த முன்னோட்டமாக நடத்தாமல், தனி நேரமும் சரியான மைதானமும் கொடுங்கள். அதற்கு வருபவர்களில் பலர் ஆண்கள் ஆட்டத்துக்கு வந்திராத புதிய குழுக்களாக இருப்பார்கள்.

கால அட்டவணை

சீசன் முடிந்த முதல் மாதம் கணக்கெடுப்பும் போன் அழைப்புகளும். இரண்டாவது மாதம் மைதானத்துக் குறைகள். அட்டவணை வெளியாவதற்கு முன் தேதிக் கோரிக்கை. விலையை அறிவிப்பது இவையெல்லாம் முடிந்த பிறகு. மொத்தத்துக்கும் ஒரே ஒருவர் பொறுப்பு; கமிட்டியின் பொறுப்பு என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள்.

பலனை ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று எண்களைப் பாருங்கள்: சீசன் டிக்கெட்காரர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள், முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டு மாதத்துக்குள் திரும்பினார்கள், போன் பேசியவர்களில் எத்தனை பேர் வந்தார்கள். மூன்றும் ஏறியும் மொத்தக் கூட்டம் அசையாவிட்டால் எதிரணி ரசிகர் கணக்கைத் திறந்து பாருங்கள். மூன்றும் ஏறாவிட்டால் அடுத்த செலவை நிறுத்திவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

சீசன் நடுவிலும் ஒரு பட்டியல் தேவை: சீசன் டிக்கெட் வைத்திருந்தும் தொடர்ந்து மூன்று சொந்த மைதான ஆட்டத்துக்கு வராதவர்கள். அவர்களுக்கு நாலாவது ஆட்டத்துக்கு முன்பே போன் போக வேண்டும், புதுப்பிக்கும் தேதி வரை காத்திருக்கக் கூடாது.